வாசகர் கேள்வி – பதில்: அன்பான கடவுளும் அணையாத நெருப்பும்

இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பில், சேமக்காலையில் நாம் ஏற்றும் மெழுகுதிரி நம்பிக்கைக்கு உரியது, அச்சத்துக்கு உரியதன்று என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. நரகம் உண்டென்றால் நம்பிக்கைக்கு என்ன இடம், நம்பிக்கைக்கு இடம் உண்டென்றால் நரகம் எதற்கு என்பதே அவற்றின் சாரம். ஆகையால் ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சுவாமி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் "கடவுள் அன்பாய் இருக்கிறார்" என்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப ஏன் ரீச்சர் அவர் ஆக்களை நெருப்பில போடுறார்?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. எந்தத் தாயாவது தன் பிள்ளையை, அவன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும், முடிவில்லாமல் எரியவிடுவாளா?
— மறைக்கல்வி ஆசிரியை, பாசையூர்

பெரியவர்கள் தங்கள் கடிதங்களில் சுற்றிவளைத்துச் சொன்னதை அந்தப் பிள்ளை நேராகக் கேட்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், கடவுள் மனிதரை நெருப்பில் போடுகிறார் என்ற எண்ணம் அதன் மனதில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சுவரில் தொங்கிய பழைய படங்களிலிருந்தும் தவக்காலத் தியானப் பிரசங்கங்களிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக அது நம்மிடம் ஊறியிருக்கிறது. திருச்சபையின் போதனை அவ்வாறு பேசவில்லை. 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, கடவுளோடும் புனிதரோடும் கொள்ளும் உறவிலிருந்து மனிதர் தம்மைத் தாமே இறுதியாக விலக்கிக்கொண்ட நிலையையே நரகம் என்று 1033 ஆம் எண்ணில் விளக்குகிறது. கடவுள் எவரையும் நரகத்துக்கென முன்குறிப்பதில்லை என்று 1037 ஆம் எண் திட்டவட்டமாகச் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 யூலை 28 அன்று ஆற்றிய புதன்கிழமை உரையில், நரகத்தை ஓர் இடமாகக் கருதுவதைவிட, வாழ்வுக்கும் மகிழ்ச்சிக்கும் ஊற்றாகிய கடவுளிடமிருந்து தம் விருப்பப்படி பிரிந்துபோனவர்களின் நிலையாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று கூறினார். தீயவனின் சாவில் தமக்கு மகிழ்ச்சி இல்லை, அவன் தன் வழியைவிட்டுத் திரும்பி வாழ்வதிலேயே மகிழ்ச்சி என்று எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு, நெருப்பை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. விவிலியத்தில் நரக நெருப்பைப் பற்றி மிகுதியாகப் பேசுபவர் இயேசுவே. தொழுநோயாளரைத் தொட்டவரும், பாவிகளோடு பந்தியில் அமர்ந்தவரும், சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்டவரும் ஆகிய அவரே அணையாத நெருப்பையும் சாகாத புழுவையும் பற்றிப் பேசினார் என்பதால், இந்தப் போதனை அன்பில்லாத ஒருவரின் மனதிலிருந்து வந்தது என்று நாம் தள்ளிவிட முடியாது. எருசலேமைப் பார்த்து அவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்ப்பதுபோல உன் மக்களைச் சேர்த்துக்கொள்ள எத்தனையோ முறை விரும்பினேன், உனக்கோ விருப்பமில்லாமற் போயிற்று என்று அவர் புலம்புகிறார். அவருடைய விருப்பம் ஒன்று, நகரத்தின் விருப்பம் வேறொன்று. நரகத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்லும் அனைத்தும் இந்த இரண்டு விருப்பங்களுக்கும் இடையிலேயே நிற்கிறது.

ஊதாரி மைந்தனின் உவமையை நாம் பெரும்பாலும் இளைய மகன் வீடு திரும்பியதோடு முடித்துவிடுகிறோம். லூக்கா நற்செய்தியில் அது அங்கே முடியவில்லை. மூத்த மகன் வயலிலிருந்து வருகிறான். வீட்டில் ஆடலும் பாடலும் கேட்கின்றன. அவன் சினங்கொண்டு வெளியே நின்றுவிடுகிறான். தந்தை பந்தியை விட்டு எழுந்து, வெளியே வந்து, அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. அவனை எவரும் வெளியே தள்ளவில்லை, கதவும் பூட்டப்படவில்லை. தந்தையின் அன்பும் அவனுக்குக் குறையவில்லை. "என்னுடையதெல்லாம் உன்னுடையதே" என்றுதான் தந்தை சொல்கிறார். இருந்தும் அவன் அந்த நேரத்தில் துன்பத்திலேயே நிற்கிறான். அவனுடைய துன்பம் வேறெங்கிருந்தும் வரவில்லை, உள்ளே கேட்கும் அதே விருந்தின் ஒலியிலிருந்து வருகிறது. தம்பிக்குக் கிடைத்த அன்பே அவனை எரிக்கிறது.

7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நினிவே நகரத்துப் புனித ஈசாக்கு என்ற ஆயர், நரகத்தில் இருப்போர் அன்பின் சாட்டையாலேயே அடிக்கப்படுகிறார்கள் என்றும், அவர்கள் கடவுளின் அன்பை இழந்துவிட்டார்கள் என்று நினைப்பது தவறு என்றும் எழுதினார். நரகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் உண்மைக்கு மிக நெருங்கியது அதுவே என்பது என் எண்ணம். விண்ணகத்தில் ஒளியாக இருக்கும் அதே அன்பு, அதை வெறுக்கத் தீர்மானித்தவனுக்கு நெருப்பாகிறது. கடவுளிடத்தில் அன்பு என்று ஒன்றும் தண்டனை என்று வேறொன்றும் இல்லை.

தாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுக்குப் போன மகன் வருடக்கணக்காகத் தொலைபேசி எடுக்காமல் இருக்க, அவனுடைய அறையை நாள்தோறும் கூட்டித் துடைத்துவைத்திருக்கும் தாய்மாரை நம் ஊர்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தத் தாய் அவனுக்காக எதையும் செய்வாள். ஆனால் அவன் தன்னை நேசிக்கும்படி செய்ய அவளால் ஆகாது. அவள் வலிமையற்றவள் என்பது இதற்குக் காரணம் அன்று. கட்டாயப்படுத்திப் பெறுவது அன்பாக இராது என்பதே காரணம். எல்லாம் வல்ல கடவுளும் இந்த ஓரிடத்தில் நம் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். சம்மதம் மறுக்கப்படும் என்று முன்னறிந்தும் அப்படிப்பட்டவர்களை அவர் ஏன் படைத்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. தீயவராகப் போகிறவர்கள் என்பதற்காகக் கடவுள் அவர்களைப் படைக்காது விட்டிருந்தால், தீமை கடவுளின் நன்மையை வென்றுவிட்டதாகும் என்று 8 ஆம் நூற்றாண்டுப் புனிதர் தமஸ்கு யோவான் பதில் சொன்னார். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அது மனதை முழுதும் ஆற்றுவதில்லை. இந்தக் கேள்வியோடு செபத்தில் அமர்வதே சரி என்று நினைக்கிறேன்.

பிள்ளைக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "கடவுள் ஒருவரையும் நெருப்பில் போடமாட்டார். அவர் எல்லாரையும் கூப்பிடுகிறார். வரமாட்டேன் என்று சொல்லவும் நமக்கு முடியும். அப்படிச் சொல்லிச் சொல்லியே பழகிவிடக் கூடாது." பத்து வயதுக்கு அது போதும். படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

என் நண்பன் சைவன். "எங்களுக்கும் நரகம் உண்டு; ஆனால் அது வினை தீரும்வரைதான். தண்டனையும் இறைவனின் கருணைதான், உயிரைத் திருத்தத்தான். உங்கள் கடவுளின் தண்டனைக்கு முடிவும் இல்லை, பயனும் இல்லை. அறுபது வருடப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை எந்த நியாயம்?" என்கிறான். அதோடு, "நானும் அங்கேதான் போவேனா?" என்றும் கேட்கிறான். என்ன சொல்வது?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

தம்பி, உங்கள் நண்பரின் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய காலத்திலிருந்து, சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே நடந்த நீண்ட வாதங்களின் தொடர்ச்சி அது. ஆறுமுக நாவலர் காலத்துக் கண்டனங்களை இன்று படிக்கும் கிறிஸ்தவர், அவற்றிலுள்ள சினத்தைக் கடந்து, கேட்கப்பட்ட கேள்விகளின் கனத்தை உணர வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் நண்பர் தம் சமயத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். இறைவனின் அருள் இன்முகம் காட்டும் அறக்கருணையாகவும், தண்டித்துத் திருத்தும் மறக்கருணையாகவும் வரும் என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. பெற்றோர் சொற்கேளாத பிள்ளையை அடிப்பதும் பரிவினாலேயே, ஈசனின் முனிவும் அத்தகையதே என்று சிவஞான சித்தியார் பாடுகிறது. கிறிஸ்தவரும் இதற்கு இணையானதை அறிவர். ஆண்டவர் தாம் அன்புகூர்பவரையே கண்டித்துத் திருத்துகிறார் என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. அருள் நிலையில் இறந்தும் இன்னும் தூய்மை பெற வேண்டியவர்கள் கடந்துசெல்லும் உத்தரிப்பு நிலையைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையும் திருத்தும் தண்டனையைப் பற்றியதே. அது முடிவுள்ளது, அன்பினால் ஆனது. ஆகையால் உங்கள் நண்பர் மறக்கருணை என்று சொல்வதற்கு நம்மிடமும் இடம் உண்டு. அந்த இடம் நரகமன்று, அவ்வளவே.

எல்லாத் தண்டனையும் அத்தகையதே, இறுதியில் எல்லாரும் தூய்மையடைந்து கடவுளிடம் சேர்வர் என்று எண்ணிய கிறிஸ்தவரும் இருந்தனர். 3 ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற இறையியலாளர் அவ்வாறு கருதினார். 4 ஆம் நூற்றாண்டில் நீசா நகர ஆயர் கிரகோரியாரும் ஏறக்குறைய அவ்வாறே எழுதினார். ஒரிஜனின் பெயரோடு இணைந்த இந்தக் கொள்கை 6 ஆம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கிரகோரியாரைத் திருச்சபை இன்றும் புனிதராகவே வணங்குகிறது. எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என்ற ஆசையை எவரும் கண்டிக்கவில்லை. கடவுளே அதை விரும்புகிறார் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் சொல்கிறது. எல்லாரும் மீண்டே தீருவர், அதில் மனிதரின் சம்மதத்துக்கு இறுதி இடம் எதுவும் இல்லை என்ற உறுதிப்பாட்டையே திருச்சபை ஏற்க மறுத்தது.

இதற்குள்ளேதான் இரு சமயங்களும் உண்மையில் பிரிகின்றன. சைவத்தில் உயிருக்குப் பிறவிகள் பல. தவறவிட்டதை மறுபிறவியில் தேடலாம். கிறிஸ்தவத்தில் மனிதர் ஒருமுறையே பிறந்து ஒருமுறையே இறக்கின்றனர். இந்த ஒரு வாழ்வில் நாம் செய்பவற்றால் நாம் யாராக ஆகிறோமோ அதுவே நாம். ஆகவே அறுபது வருடத்தையும் முடிவில்லாக் காலத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்ப்பது இந்தப் போதனையைச் சரியாகப் பிடிப்பதாகாது. செய்து முடிந்த பாவம் ஒன்றுக்கு நீதிபதி காலக்கணக்கில் விதிக்கும் சிறையன்று நரகம். சாவோடு மனிதரின் விருப்பம் தான் பற்றிக்கொண்டதில் நிலைபெற்றுவிடுகிறது என்று புனித தோமா அக்குவினார் விளக்கினார். மறுப்பு தொடர்வதால் பிரிவும் தொடர்கிறது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சிலரை மீட்புக்கும் சிலரை அழிவுக்கும் கடவுள் தொடக்கத்திலேயே குறித்துவைத்தார் என்று புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதியாகிய கல்வின் போதித்தார். அந்த மரபின் சாயல் அக்கால மிஷனரிமார் சிலரின் பிரசங்கத்தில் இருந்திருந்தால், அதைக் கேட்ட சைவர் வெகுண்டதில் வியப்பில்லை. தீமைக்கென்று எவரும் முன்குறிக்கப்படுவதில்லை என்று ஆயர்கள் கூடிய ஒராஞ்சு சங்கம் 529 இலும், திரிதெந்து சங்கம் 1547 இலும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்கருக்கு முன்பே, 1814 இல், இங்கு வந்த மெதடிஸ்த சபையாரின் நிறுவனராகிய யோன் வெஸ்லியும் கல்வினின் கொள்கையை வன்மையாக எதிர்த்தவரே.

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு: தம் குற்றத்தால் அல்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் அவருடைய விருப்பத்தை அருளின் துணையோடு நிறைவேற்ற முயல்பவர் நிலையான மீட்பை அடைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் போதித்தது. அவர் கேட்டது அச்சத்தினாலா, அல்லது நீங்கள் அவரை அப்படித்தான் நினைக்கிறீர்களோ என்று அறிவதற்கா? இரண்டாவதாக இருந்தால், அவருக்கு வேண்டியது சங்க ஏட்டின் வாசகமன்று, உங்களுடைய வாயிலிருந்து வரும் பதில்.

நரகம் ஒரு மனநிலை, கடவுள் எவரையும் தண்டிப்பதில்லை என்று இப்போது பிரசங்கம் செய்கிறார்கள். கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் குண்டு போட்டவர்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்களுக்கும் என்ன கணக்கு? அவர்களும் மோட்சத்தில் எனக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்றால் எனக்கு அந்த மோட்சம் வேண்டாம்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நவாலி

ஐயா, உங்கள் ஊரின் பெயரைக் கண்டதும் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று விளங்கிற்று. 1995 யூலை 9 அன்று, இடம்பெயர்ந்து வந்த மக்கள் தங்கியிருந்த நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மேலும் அதன் சுற்றாடலிலும் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1993 நவம்பரில், குருநகர் புனித யாகப்பர் ஆலயமும் அவ்வாறே தாக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் காணாமலே அவர்களுள் பலர் கண்மூடிவிட்டனர். இவர்களுக்கு முன்னால் நின்று, எல்லாம் இறுதியில் சரியாகிவிடும் என்று சொல்லும் பிரசங்கம் அன்பாகாது. உங்கள் கோபத்தில் உள்ள நியாயத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

அன்பையும் தீர்ப்பையும் எதிரெதிராக வைப்பவர்கள், அன்பு செய்யப்பட்டவருக்கு இழைக்கப்படும் தீங்கை மறந்துவிடுகிறார்கள். கடவுள் அந்தப் பிள்ளைகளை நேசிக்கிறார் என்றால், அவர்களுக்குச் செய்யப்பட்டதை அவர் ஒன்றுமில்லை என்று விட்டுவிட மாட்டார். அண்ணனால் கொல்லப்பட்ட ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து தம்மை நோக்கிக் கதறுவதை அவர் கேட்டார். மத்தேயு 25 இல் வரும் இறுதித் தீர்ப்பிலும், பசித்தவருக்கும் சிறையிலிருந்தவருக்கும் செய்ததும் செய்யாததும் தமக்கே செய்ததாகவும் செய்யாததாகவும் நீதிபதி கொள்கிறார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் 2007 இல் எழுதிய நம்பிக்கையைப் பற்றிய சுற்றுமடலில், அருள் நீதியை அழித்துவிடுவதில்லை என்றும், தீமை செய்தவர்கள் எதுவும் நடவாததுபோலத் தங்களால் துன்புற்றவர்களுக்கு அருகே விருந்தில் அமர்வதில்லை என்றும் எழுதினார். நீங்கள் எழுதியதற்கு ஏறக்குறைய அதே சொற்களில் திருச்சபையின் தலைமை மறுமொழி தந்திருக்கிறது.

அப்படியானால் அவர்கள் நரகத்தில்தான் என்று நான் எழுத வேண்டுமென நீங்கள் எதிர்பார்க்கலாம். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. எந்த மனிதருக்கும் இல்லை. 1887 இல் பிரான்சில் பிரன்சீனி என்பவன் மூன்று பேரைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனைக்குக் காத்திருந்தான். அவன் சிறிதும் மனம் வருந்தவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்போது பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா அவனுக்காக விடாமல் செபித்தார். தலை துண்டிக்கப்படுவதற்கு முன் அவன் திடீரெனத் திரும்பி, குருவின் கையிலிருந்த சிலுவையை மூன்று முறை முத்தமிட்டான் என்ற செய்தி வந்தது. அவனால் கொல்லப்பட்டவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அவளுக்கு இது அநீதியா? மனம் திரும்புவது என்பது தான் செய்ததை, அதைத் தாங்கியவரின் கண்களால் காண்பது என்று நான் நம்புகிறேன். நவாலியில் குண்டு போட்டவர் ஒருவர் கடவுளிடம் சேர்வதாக இருந்தால், அவர் அந்த ஆலயத்துக்குள் விழுந்து கிடந்த ஒவ்வொருவரையும் கடந்தே சேர வேண்டும். அதற்கு இங்கேயோ உத்தரிப்பிலோ உடன்படாதவருக்கு, அந்த உண்மையைவிட்டு ஓடிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஓட்டத்துக்கே நரகம் என்று பெயர். ஆகவே, அவர்கள் அப்படியே வந்து உங்கள் பக்கத்தில் அமரப்போவதில்லை. வருவதாக இருந்தால், நீங்கள் அடையாளம் காணமுடியாத அளவுக்கு மாறியே வருவார்கள்.

அவர்களை உடனே மன்னித்துவிடுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. காயத்தோடு இருப்பவரிடம் நாள் குறித்து மன்னிக்கச் சொல்வது கொடுமை. ஆனால் அவர்கள் நரகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை, நீதி வேண்டும் என்ற ஆசையிலிருந்து வேறானது. முன்னதை மனதில் வளரவிடாதீர்கள், ஐயா. அது அவர்களைத் தொடாது, உங்களையே தொடும்.

வீதிச் சந்தியில் ஒலிபெருக்கி வைத்து, "இன்று இரவு செத்தால் நரகம்" என்று பிரசங்கிக்கிறார்கள். இது சரியா?
— வாசகர், ஊர்காவற்றுறை

நரகத்துக்கு அஞ்சிப் பாவத்தை விடுவதும் கடவுளின் கொடையே என்று திரிதெந்து சங்கம் சொல்லியிருப்பதால், அச்சத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது வாசற்படி மட்டுமே. நிறைவான அன்பு அச்சத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதுகிறார். கேட்பவரின் பெயரோ துயரமோ அறியாமல், ஒலிபெருக்கியில் அவருக்குத் தீர்ப்பு அறிவிப்பவர் நற்செய்தியை அறிவிக்கவில்லை.

என் மகன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டு மூன்று வருடமாகிறது. செத்தவீட்டில் உறவினர் ஒருவர், அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துப் பயனில்லை, அவன் போன இடத்திலிருந்து திரும்ப முடியாது என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பெயரும் ஊரும் போட வேண்டாம்.
— ஒரு தாய்

அம்மா, அவர் சொன்னது திருச்சபையின் போதனை அன்று. தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களின் நிலையான மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனம் திரும்பும் வாய்ப்பைக் கடவுள் தர முடியும் என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் மறைக்கல்வி ஏட்டின் 2283 ஆம் எண் கூறுகிறது. அதற்கு முந்திய எண், கடுமையான மன வேதனையும் பேரச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. உயிரை மாய்ப்பது பாரதூரமான செயல் என்பதைத் திருச்சபை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் அந்த நேரத்தில் எந்த இருளுக்குள் நின்றான், அவனுடைய விருப்பத்தில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவனுடைய நோயினுடையது என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார். நான் முன்னே எழுதிய மறுப்பு, அன்பை அறிந்து அதை வெறுத்துத் தள்ளுவது. வலி தாங்காமல் போனவனை அந்தக் கணக்கில் சேர்க்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

விசுவாச அறிக்கையில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று நாம் சொல்கிறோம். மனிதர் விழக்கூடிய எந்த ஆழமும் அவர் கால்படாத இடமன்று என்று அதை நான் வாசிக்கிறேன்.

உங்கள் பங்குத்தந்தையிடம் சென்று, மகனின் பெயரைச் சொல்லி, பூசை ஒப்புக்கொடுக்கச் செய்யுங்கள். மூன்று வருடமாக நித்திரையில்லை என்பதைச் செபத்தோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். உங்களுக்காகவும் அவனுக்காகவும் நான் செபிக்கிறேன்.

நரகம் உண்டு, ஆனால் அங்கே ஒருவரும் இல்லை என்று நம்பலாமா? யூதாசைப் பற்றி என்ன சொல்வது? எல்லாரும் மீட்கப்படலாம் என்று சொன்னால் மறைபரப்புப் பணி எதற்கு?
— வாசகர், இளவாலை

ஒருவரும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இயேசுவின் எச்சரிக்கைகள் அதைத் தடுக்கின்றன. ஒருவரும் இல்லாதிருக்க வேண்டும் என்று ஆசைப்படவும் செபிக்கவும் உரிமை உண்டு. அதற்கு மேலாக, கடமையும் உண்டு. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்கும் பிறகு, எல்லாரையும் விண்ணக வழியில் நடத்தும்படியும், இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவும்படியும் கேட்கிறோம். சென்ற நூற்றாண்டில் இறையியலாளர் ஹான்ஸ் ஊர்ஸ் ஃபொன் பல்தசார் இந்த நம்பிக்கையை நியாயப்படுத்தி எழுதியபோது கடுமையாக எதிர்க்கப்பட்டார். அவர் எல்லாரும் மீட்கப்படுவர் என்று சொல்லவில்லை, அதை எதிர்நோக்கலாம் என்றே சொன்னார். அந்த வேறுபாட்டைக் கைவிடாதவரை அவரோடு நான் உடன்படுகிறேன்.

திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட, யூதாசைக்கூட, அறிவித்ததில்லை. அந்த மனிதன் பிறவாதிருந்தால் நலமாயிருக்கும் என்று ஆண்டவர் சொன்னது அச்சமூட்டும் சொல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், மீட்புப் பெறுவோர் சிலரோ என்று ஒருவர் அவரிடம் நேராகக் கேட்டபோது, அவர் எண்ணிக்கை எதுவும் சொல்லாமல், இடுக்கமான வாயில் வழியாக நுழைய முயலுங்கள் என்று கேட்டவரையே நோக்கித் திரும்பினார். நரகத்தைப் பற்றிய போதனை முழுவதும் இப்படித்தான் பேசுகிறது. அது என்னிடம் என்னைப் பற்றிச் சொல்லப்படுவது. பக்கத்து வீட்டாரைப் பற்றியோ வேற்றுச் சமயத்தாரைப் பற்றியோ எனக்குத் தகவல் தருவதற்காக அது சொல்லப்படவில்லை.

மறைபரப்புப் பணியைப் பற்றிக் கேட்டதற்கு, கிறிஸ்துவின் அன்பே தம்மை நெருக்கி ஏவுகிறது என்ற பவுலின் சொல்லோடு, நம் ஊர் வரலாற்றையும் பார்க்கலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், புனித யோசேப் வாஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சில்லாலையில் மறைந்திருந்து மக்களுக்குப் பணிசெய்தார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை அவர்களின் சொந்தக்காரரே கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான குருவும் தங்கியிருந்து, இன்ன சமயத்தார் என்று பாராமல் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். அவர் நற்செய்தியை அறிவிக்காத நாளில்லை. எல்லாரும் மீட்கப்பட வேண்டும் என்று விரும்பியதால்தான் அவ்வளவு உழைத்தார்.